மான் போகும் வழியும் நம் வேலியும்: அமெரிக்கப் பண்ணை நிலத்தில் வலசைப் பாதையைக் காக்க அரசுத் திட்டங்களில் சேருவது எப்படி

நவம்பர் கடைசி. வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் ஊருக்குத் தெற்கே ஒரு மேய்ச்சல் நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு புரோங்ஹார்ன்கள், மான் போன்ற புல்வெளி விலங்குகள். முன்னால் வந்த பெட்டை வேலியை ஒட்டியே நடக்கிறது, நிற்கிறது, தலையைத் தாழ்த்தி அடிக்கம்பியை முகர்கிறது, மறுபடியும் நடக்கிறது. மற்றவை பின்னாலேயே போகின்றன. அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் மழைநீர் அரித்த ஒரு பள்ளத்தில் கம்பிக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி கிடைத்தது. முன்னங்காலை மடித்து ஒவ்வொன்றாக நுழைந்தன. எல்லாம் போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பி முள்ளில் ஒரு கொத்து மயிர். கையில் எடுத்தால் வைக்கோல் போல ஒடிகிறது. குளிரைத் தாங்குவதற்காக உள்ளே கூடாக இருக்கும் மயிர் அது. மைனஸ் 30 டிகிரி வரை போகும் ஊரில் அதை முதுகிலிருந்து பிய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த வேலி எங்களுடையது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வேலி அங்கே ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை மாற்ற அரசாங்கமே பணம் தரும் என்பதும் தெரியாது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் புதிதாக நிலம் வாங்கியவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் உதவும்.

முதலில், எதைக் காக்கிறோம்

யானை வழித்தடம் என்றால் நமக்குத் தெரியும். சிகூரில் யானை வழித்தடத்தை அறிவித்த தமிழக அரசாணை உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில் அங்கே உறுதியானது. அது சட்டமும் நீதிமன்றமும் போட்ட வழி. இங்கே வயோமிங், மொன்டானா, ஐடஹோ பக்கம் கதை வேறு. மான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் தாழ்நிலமும், நடுவில் கடக்கும் ஆற்றோரமும் பல இடங்களில் தனியார் பண்ணைகள். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எனவே விருப்பமுள்ள பண்ணைக்காரரோடு அரசு ஒப்பந்தம் போடுகிறது: நீங்கள் இதைச் செய்யுங்கள், நாங்கள் இவ்வளவு தருகிறோம், இத்தனை வருடத்துக்கு.

2011 வாக்கில் ஹால் சாயர் என்ற உயிரியலாளர் மியூல் மான்களுக்கு இடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார். ராக் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே ரெட் டெசர்ட்டில் குளிர்காலம் கழிக்கும் மான்கள் 150 மைல் வடக்கே ஹோபேக் வரை நடந்து போய்க் கோடையைக் கழிப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெட்டை மான் 242 மைல் நடந்து ஐடஹோவுக்கே போனது. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த எண் 255. வழியில் அவை தாண்டும் வேலிகள் மட்டும் சுமார் நூறு.

ஏன் இவ்வளவு நடக்கின்றன? வசந்தத்தில் பனி உருகும்போது புல் கீழிருந்து மேலே தளிர்த்துக்கொண்டே போகும். அந்தத் தளிர் ஓட்டத்தோடு மான்களும் ஏறுகின்றன. எங்கே எப்போது தளிர் வரும் என்பதைக் குட்டி தாயோடு நடந்துதான் கற்றுக்கொள்கிறது. கூட்டம் அழிந்துவிட்டால் அந்த வழியின் நினைவும் அதோடு போய்விடும். வேறு மான்களைக் கொண்டுவந்து விட்டாலும் அவற்றுக்கு வழி தெரியாது. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் ஏராளமான மான்களும் புரோங்ஹார்ன்களும் செத்தன. இருக்கும் தெம்பை வேலியோரம் நடந்து வீணாக்கும் விலங்கு அப்படிப்பட்ட குளிரைத் தாண்டாது.

பண்ணைத் திட்டம் இதற்கெல்லாம் போதுமா என்று கேட்பவர்களுக்கு லூசியானா கருங்கரடியைச் சொல்வேன். 1992ல் அழியும் நிலைக்கு நெருங்கிய இனமாக மத்திய அரசின் பட்டியலில் ஏறியது. டென்சாஸ் ஆற்றுப் படுகையில் அடிக்கடி வெள்ளம் ஏறும் சோயா வயல்களை, சதுப்பு நில மீட்புத் திட்டத்தில் விவசாயிகள் விருப்பப்பட்டு மறுபடி மரக்காடாக்கினார்கள். துண்டு துண்டாகக் கிடந்த காடுகள் சேர்ந்தன, கரடிகள் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வர ஆரம்பித்தன. 2016ல் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள்.

உங்கள் நிலம் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2020 முதல் மேற்கு மாநிலங்களின் வலசை வரைபடங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் நிலம் அதில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாநில வனவிலங்குத் துறையின் உள்ளூர் உயிரியலாளரையும் கூப்பிடுங்கள். வயோமிங்கில் அது கேம் அண்ட் ஃபிஷ் துறை. இவர்கள் அபராதம் போட வருபவர்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, மான் எந்த வாரத்தில் எந்தப் பக்கமாக வரும் என்பதை உட்கார்ந்து சொல்லித் தருபவர்கள் அவர்கள்தான்.

வரைபடத்தில் அகலமாகத் தெரியும் பாதை சில இடங்களில் கழுத்து போலச் சுருங்கும். அந்த இடங்கள்தான் விலைமதிப்பில்லாதவை. பைன்டேலை ஒட்டிய ஃப்ரீமான்ட் ஏரி முனையில் ஏரிக்கும் ஊருக்கும் இடையே கால் மைல் அளவுக்கு ஒரு சந்து. ஆயிரக்கணக்கான மியூல் மான்கள் வருடத்துக்கு இருமுறை அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே வீடுகள் வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். 364 ஏக்கரைக் கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு வாங்கிக் காப்பாற்றியது. உங்கள் நிலம் இப்படி ஒரு கழுத்தில் இருந்தால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள். மதிப்பெண் போடும்போது அது பேசும்.

வரைபடத்தில் இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள். கழுத்துப்பட்டை போட்ட கூட்டங்கள்தான் வரைபடத்தில் இருக்கும். பனியில் தடம், வேலியோரம் தேய்ந்த ஒற்றையடிப் பாதை, கம்பியில் மயிர் என்று தரையில் தெரிவதும் சான்றுதான்.

வேலியை நடந்து பாருங்கள்

அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன். ஒரு அளவு நாடா, போன், நோட்டு. முழு வேலியையும் நடந்தே பாருங்கள். வண்டியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இரண்டு விலங்கையும் தனித்தனியாக நினைத்துக்கொள்ள வேண்டும். புரோங்ஹார்ன் உலகிலேயே வேகமாக ஓடும் விலங்குகளில் ஒன்று, ஆனால் தாண்டாது. தாண்டவே முடியாது என்றில்லை. திறந்த புல்வெளியில் வாழ்ந்து பழகிய இனம் அது, குறுக்கே நிற்கும் எதையும் தாண்டும் பழக்கம் அதற்கு இல்லை. கீழே நுழையத்தான் பார்க்கும். எனவே அடிக்கம்பி தரையிலிருந்து குறைந்தது 16 அங்குலம், முடிந்தால் 18 அங்குலம் இருக்க வேண்டும். அது முள் இல்லாத வழவழப்பான கம்பியாகவும் இருக்க வேண்டும்.

மியூல் மான் தாண்டும். தாண்டும்போது பின்னங்கால் மேலிருக்கும் இரண்டு கம்பிக்கு நடுவே போய், கம்பி முறுக்கிக்கொண்டு கால் மாட்டிவிடும். அப்படியே தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. எனவே மேல் கம்பி 40 அங்குலத்துக்குள், அதிகபட்சம் 42. மேலிருந்து முதல் இரண்டு கம்பிக்கு நடுவே குறைந்தது 12 அங்குலம். கம்பி தளர்ந்திருக்கக் கூடாது, தொய்ந்த கம்பிதான் முறுக்கிக்கொள்ளும். இந்த அளவுக்குள் கன்றோடு மாடு நிற்கும், பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசம், கீழே பின்னல் வலையும் மேலே முள்கம்பியும் போட்ட வேலி. செம்மறியாட்டுக் காலத்தில் போட்டது, ஆடுகள் போய்ப் பல வருடம் ஆனாலும் வலை நிற்கிறது. பெரிய மான் தாண்டிவிடும், குட்டியால் முடியாது. தாய் அந்தப் பக்கம், குட்டி இந்தப் பக்கம். யூட்டா, கொலராடோ பகுதியில் வேலிகளை நடந்து எண்ணிய ஓர் ஆய்வில், வருடத்துக்கு இரண்டரை மைல் வேலிக்கு ஒரு விலங்கு மாட்டிச் செத்திருந்தது. அது போக, மாட்டாமலேயே வேலியோரம் படுத்துச் செத்த குட்டிகளையும் கண்டார்கள்.

நடக்கும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: அடிக்கம்பி உயரம், மேல்கம்பி உயரம், மயிரோ தடமோ இருக்கும் இடம், தேவையே இல்லாத வேலி. கடைசியானதுதான் பலரும் மறப்பது. எங்கள் நிலத்தில் ஒரு பழைய குறுக்குவேலி, எதையும் எதிலிருந்தும் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தது. அதை எடுப்பதற்கே உதவித்தொகை உண்டு.

பணத்துக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒன்று: மாடு இல்லாத மாதங்களில் எல்லாக் கேட்டையும் திறந்து வைப்பது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இறக்கம், மார்ச்சிலிருந்து மே, ஜூன் வரை ஏற்றம். தடம் அதிகமான இடத்தில் அடிக்கம்பியைத் தூக்கி அதற்கு அடுத்த கம்பியோடு சேர்த்து ஒரு பிவிசி குழாய்க்குள் விட்டால், அந்த இடத்தில் புரோங்ஹார்ன் காயமில்லாமல் நுழையும். பக்கத்துப் பண்ணைக்காரர் காட்டிய வித்தை இது. நிலம் குத்தகைக்கு என்றால் இந்த இரண்டுக்கும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்த அலுவலகம், என்னென்ன காகிதம்

ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் போன்றது), அல்லது பக்கத்துக் கவுன்டியோடு சேர்த்து, யுஎஸ்டிஏ எனப்படும் மத்திய வேளாண் துறையின் சேவை மையம் இருக்கும். ஒரே கூரைக்கு அடியில் இரண்டு அலுவலகம். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

எஃப்எஸ்ஏ என்பது பண்ணைச் சேவை அலுவலகம். பதிவேடு, தகுதி, வாடகைத் திட்டம் எல்லாம் இவர்கள். என்ஆர்சிஎஸ் என்பது இயற்கை வளப் பாதுகாப்பு அலுவலகம். நிலத்துக்கு வந்து பார்த்துத் திட்டம் போடுவது, வேலி, தண்ணீர், களை போன்ற வேலைகளுக்குப் பணம் தருவது, மனையாக்கும் உரிமையை எழுதி வாங்கும் ஈஸ்மென்ட் எல்லாம் இவர்கள். 1930களில் புழுதிப் புயல்கள் விளைநிலத்தை அள்ளிக்கொண்டு போனபோது, 1935ல் மண் பாதுகாப்புத் துறையாகத் தொடங்கியதுதான் இது. 1994ல் இன்றைய பெயர் வந்தது.

போனில் நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் எஃப்எஸ்ஏ மேசை. அங்கே உங்கள் நிலத்துக்குப் பண்ணை எண்ணும் துண்டு எண்ணும் வாங்க வேண்டும். இந்த எண் இல்லாமல் எதுவும் நகராது. கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், நிலப் பத்திரம் அல்லது குத்தகைப் பத்திரம், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு விவரம். நிலம் எல்எல்சி எனப்படும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அதன் பதிவு ஆவணங்களும், யார் கையெழுத்திடலாம் என்பதற்கான காகிதமும் வேண்டும்.

அங்கே நிரப்பும் படிவங்களில் இரண்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒன்று ஏடி-1026. எளிதில் அரிக்கும் நிலத்தைப் பாதுகாப்பில்லாமல் உழ மாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிட மாட்டேன் என்று ஒப்புக்கொள்வது. மீறினால் எல்லா உதவியும் போகும். இன்னொன்று சிசிசி-941, வருமான வரம்பு பற்றியது. நகரத்தில் நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு நிலம் வாங்கியவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. பத்திரத்தில் தகப்பனார் பெயர் கடைசியில், வரிக் கணக்கில் அதே பெயர் முதலில், வங்கியில் இனிஷியலோடு. இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் கோப்பு மாதக்கணக்கில் தேங்குவதைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத்தில் பெயர் வரும்படி முதல் நாளே சரிசெய்துவிடுங்கள்.

குத்தகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று காட்ட வேண்டும், வேலி போன்ற நிரந்தர வேலைக்கு நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். எங்கள் உரிமையாளர் எண்பதைத் தாண்டியவர். அவர் அப்பா கட்டிய வேலி அது. கம்பியில் இருந்த மயிரைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனாவைக் கேட்டார்.

எந்தத் திட்டம் உங்களுக்கு

பெயர்கள் நிறைய. வலசைப் பாதைக்கு உதவுவது மூன்று, நான்குதான்.

வேலியை மாற்ற, களையை ஒழிக்க, தண்ணீர்த் தொட்டி வைக்க என்று குறிப்பிட்ட வேலை இருந்தால் என்ஆர்சிஎஸ் நடத்தும் ஈக்விப் திட்டம். இது 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. வேலிக்கு 382, மேட்டுநில வனவிலங்கு வாழிடத்துக்கு 645, திட்டமிட்ட மேய்ச்சலுக்கு 528, புல், பூண்டு வகைக் களைக்கு 315. எண்ணைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும். செலவில் சாதாரணமாக 75 சதவீதம் வரை கிடைக்கும். பண்ணை நடத்த ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகாதவர் என்றால் 90 சதவீதம் வரை போகலாம், முன்பணமும் கேட்கலாம். புதியவர்கள் பலர் இந்தப் பிரிவில் வருவது தெரியாமலேயே விண்ணப்பிக்கிறார்கள். 'பிகினிங் ஃபார்மர்' என்ற கட்டத்தில் குறி போட மறக்காதீர்கள்.

களை என்றேன், அதில் சீட்கிராஸ் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு கண்டத்திலிருந்து வந்த புல். மற்றவை எழும் முன்னே எழுந்து ஈரத்தை உறிஞ்சி, கோடை தொடங்கும்போதே காய்ந்து, பற்றினால் சேஜ் புதரையெல்லாம் சேர்த்து எரித்துவிடும். குளிர்காலத்தில் மியூல் மானுக்குச் சோறு அந்தச் சேஜ் புதர்தான். வேலியைத் திறந்துவிட்டு இந்தப் புல்லை விட்டுவைத்தால், வழி இருக்கும், வழியில் சாப்பாடு இருக்காது.

மேய்ச்சல் நிலத்தை உழாமல், மனை போடாமல் அப்படியே வைத்திருப்பதற்கு வருட வாடகை வேண்டுமென்றால் புல்வெளி சிஆர்பி. சிஆர்பி என்பது நிலத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் திட்டம். எஃப்எஸ்ஏ நடத்துவது. 10 அல்லது 15 வருட ஒப்பந்தம். மாடு மேய்வதைத் தடுப்பதில்லை என்பதுதான் இதன் அருமை. சிஆர்பி என்றாலே நிலத்தைச் சும்மா போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அது 1985ல் வந்த பழைய வகை, புல்வெளிப் பிரிவு 2014ல் சேர்ந்தது. மேய்ச்சல் மதிப்பில் 75 சதவீதம் வரை வாடகையாகத் தருகிறார்கள். வருடத்தில் குறிப்பிட்ட சில வாரங்கள்தான் சேர்க்கை, போட்டியும் உண்டு. அந்த வாரங்கள் எப்போது என்று எஃப்எஸ்ஏவில் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இந்த இரண்டையும் ஒரே நிலத்தில் சேர்த்துப் பெறலாமா? வலசைப் பாதைக்காகவே யுஎஸ்டிஏ 2022ல் வயோமிங்கில் முன்னோட்டமாக அப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. புல்வெளியை வைத்திருப்பதற்கு சிஆர்பி வாடகை, அதே நிலத்தில் வேலிக்கும் களைக்கும் ஈக்விப். அடுத்த வருடம் மொன்டானா, ஐடஹோவுக்கும் விரித்தார்கள். என் கணிப்பில் இந்தத் துறையில் வந்த மிக நல்ல யோசனை இதுதான். மான் மேய்வதால் பண்ணைக்காரருக்குப் புல் குறைகிறது, வேலி உடைகிறது. அந்த நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டாமல் பொதுமக்கள் பணம் பங்குபோட்டுக்கொள்கிறது. அலுவலகத்தில் 'மைக்ரேட்டரி பிக் கேம்' (வலசை போகும் பெரிய விலங்குகள்) என்ற சொல்லைச் சொல்லி, உங்கள் கவுன்டிக்கு இந்த வருடம் உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

நான்காவது ஈஸ்மென்ட். இதைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். நிலம் உங்களுடையதாகவே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், மாடு வளர்க்கலாம். துண்டு போட்டு வீட்டு மனையாக்கும் உரிமையை மட்டும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த உரிமைக்கு ஒரு சந்தை மதிப்பு உண்டு, அதைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். விவசாய நில ஈஸ்மென்டில் என்ஆர்சிஎஸ் அந்த மதிப்பில் பாதி வரை தரும். சிறப்புச் சூழல் முக்கியத்துவமுள்ள புல்வெளி என்றால் 75 சதவீதம் வரை. ஆனால் நீங்கள் நேரடியாகப் போய்க் கேட்க முடியாது. ஒரு நில அறக்கட்டளை அல்லது மாநில, உள்ளூர் அரசு நடுவில் நிற்க வேண்டும். லூசியானாவில் சொன்ன சதுப்பு நில வகைக்கு மட்டும் நேரே விண்ணப்பிக்கலாம்.

ஈஸ்மென்ட் நிரந்தரம். உங்களுக்குப் பிறகு நிலத்துக்கு வரும் எல்லோரையும் அது கட்டும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசாமல், சொந்த வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். புதியவர்கள் முதலில் ஈக்விப்பில் ஆரம்பித்து, இரண்டு மூன்று குளிர்காலம் நிலத்தைப் பார்த்த பிறகு ஈஸ்மென்ட் பக்கம் போவதே சரி என்பது என் எண்ணம். விதிவிலக்கு, மனை வியாபாரி ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்ட இடங்கள்.

பண்ணைச் சட்டம் மாறும்போதும் புது நிதி ஒதுக்கீடு வரும்போதும் இந்தத் தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை. இந்த வருட அளவு என்ன என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

திட்டம் போடுபவர் வரும் நாள்

விண்ணப்பம் கொடுத்த பிறகு என்ஆர்சிஎஸ் பணியாளர் ஒருவர் நிலத்துக்கு வருவார். இதற்குக் காசு கிடையாது. எந்தத் திட்டத்திலும் சேராவிட்டாலும் இந்த வருகையைக் கேட்டுப் பெறலாம். வேலியை நடந்து எழுதிய நோட்டை அவர் கையில் கொடுங்கள். எங்களிடம் வந்தவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் முதலில் நிற்க வேண்டும் என்று எங்களையே கேட்டார்.

உங்களுக்கு மாடு எத்தனை, எந்த மாதத்தில் எங்கே மேய்கிறது, கன்று ஈனும் காலம் எது என்று உள்ளதைச் சொல்லுங்கள். பண்ணை ஓடாத திட்டம் இரண்டாவது வருடமே கைவிடப்படும். தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால், தவறி விழுந்த சின்ன உயிர்கள் ஏறி வெளியேற ஒரு சாய்தளம் உள்ளே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பறவையும் அணிலும் செத்து மிதக்கும் தண்ணீரை மாடும் குடிக்காது.

அதன்பிறகு விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். வருடம் முழுக்க விண்ணப்பம் வாங்கினாலும், ஒரு கடைசித் தேதிக்குள் வந்தவற்றைத்தான் அந்தச் சுற்றில் பார்ப்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும். முதல் சுற்றில் கிடைக்கவில்லையென்றால் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டாவது முறைதான் கிடைத்தது.

கையெழுத்தாகும் வரை கம்பியைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடைக்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், நல்ல மனதோடு, வலசை தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒன்றரை மைல் வலை வேலியைப் பிடுங்கிப் போட்டது. ஒப்பந்தம் மூன்று வாரம் கழித்து வந்தது. பிடுங்கிய வேலைக்கு ஒரு பைசா இல்லை. கம்பி வாங்கி அடுக்குவதைக்கூட ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கையெழுத்தான பிறகும் பணம் முன்னால் வராது, முன்பணம் கேட்டு வாங்கியவர்கள் தவிர. நீங்கள் செலவு செய்து முடிப்பீர்கள், அவர்கள் வந்து அளப்பார்கள், பிறகு கணக்கில் விழும். அளப்பார்கள் என்றால் உண்மையிலேயே நாடா வைத்து அளப்பார்கள். 18 என்று எழுதிய இடத்தில் 14 இருந்தால் திரும்பக் கட்ட வேண்டும். வேலி போட ஆள் வைத்தால், வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, முதல் நாள் முழுக்கக் கூட நில்லுங்கள். பல வருடம் மாட்டு வேலி கட்டிய கை, பழக்கத்தில் அடிக்கம்பியைத் தாழ்த்திவிடும். பில், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

பக்கத்து நிலம்

உங்கள் வேலி சரியாகி, அடுத்தவர் வேலி வலையாகவே நின்றால் மான் அங்கே போய் மாட்டும். இது பழகிய வழியிலேயே நடக்கும் விலங்கு. எனவே ஒப்பந்தம் கையில் வந்ததும் வடக்கேயும் தெற்கேயும் இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள் போய், உங்கள் வேலி தப்பு என்று சொன்னால் கதவு மூடிவிடும். நாங்கள் எங்கள் புது வேலியைப் பார்க்க அழைத்தோம். மாடு தாண்டவில்லை, செலவில் பெரும்பங்கு திரும்ப வந்தது என்ற இரண்டு செய்தியும்தான் அவர்களைப் பேச வைத்தது. மான் பற்றி நாங்கள் சொல்லவே தேவையிருக்கவில்லை. அவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்ததை எங்களுக்குச் சொன்னார்கள், எந்தச் சரிவில் எத்தனை வரும் என்பது உட்பட.

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் ஒன்றாக விண்ணப்பிக்க முன்வந்தால் கவுன்டியின் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்டக் குழுவிடம் சொல்லுங்கள். உள்ளூரில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று என்ஆர்சிஎஸ்ஸுக்கு ஆலோசனை சொல்லும் கூட்டங்களை நடத்துவது அவர்கள். அந்தக் கூட்டம் யாருக்கும் திறந்தது, போய் உட்கார்ந்து வேலி பற்றிப் பேசலாம். நடுவில் நெடுஞ்சாலை ஓடினால் அது போக்குவரத்துத் துறையின் வேலை. பைன்டேலுக்கு மேற்கே ட்ராப்பர்ஸ் பாயின்ட்டில் 191ஆம் நெடுஞ்சாலை மேல் இரண்டு மண்பாலமும் கீழே ஆறு சுரங்க வழியும் 2012ல் முடிந்தன. புரோங்ஹார்ன்கள் பாலத்தின் மேல் வரிசையாகப் போவதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். போய்வர முடிந்தால், பண்ணை நிலத்தில் நாம் செய்வது எதோடு சேருகிறது என்பது அங்கே நின்றால் விளங்கும்.

அதற்குப் பிறகு வரும் மார்ச்

பனி இறுகி இளகும்போது கம்பங்கள் மேலெழும்பும், கம்பி தொய்யும். ஒப்பந்தப்படி பராமரிப்பு உங்கள் பொறுப்பு. மார்ச்சில், ஏற்றம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, அதே நாடாவோடு அதே வேலியை நடங்கள். பனி குவிந்த இடங்களில் 18 அங்குலம் எட்டாகச் சுருங்கியிருக்கும். அங்கே மேல்கம்பியைத் தாழ்த்தி வையுங்கள், அல்லது கேட்டைத் திறந்து விடுங்கள். கம்பியில் மயிர் இருந்தால் இடத்தைக் குறித்துப் படம் எடுத்து உங்கள் திட்டப் பணியாளருக்கு அனுப்புங்கள். நாங்கள் போன மார்ச்சில் மூன்று இடத்தில் எடுத்தோம். எல்லாம் இன்னும் மாற்றாத கிழக்குப் பக்க வேலியில். அதற்கான விண்ணப்பம் இப்போது போயிருக்கிறது.